ஊர் வரலாறு எழுதப் புகுவோரின் கேள்விகள்

சொந்த ஊரின் வரலாற்றைத் தொகுக்க முயல்வோர் தங்கள் ஐயங்களை இப்பகுதிக்கு எழுதி அனுப்பலாம் என்று அறிவித்திருந்தோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில், அவற்றுள் விரிவான கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளோம். கேட்டவர்களின் பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டு, மாவட்டம் மட்டும் தரப்படுகிறது.

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். எங்கள் கிராமத்தின் வரலாற்றை ஒரு சிறு நூலாக எழுத வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வரலாற்றுப் பயிற்சி எதுவும் எனக்கு இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
(திருவண்ணாமலை மாவட்டம்)

பதில்: அரசர்களிலிருந்து தொடங்காதீர்கள் என்பதே முதல் ஆலோசனை. ஊர் வரலாறு எழுத அமர்வோர் பலர் பல்லவர், சோழர், பாண்டியர், நாயக்கர், ஆங்கிலேயர் என்ற பாடநூல் வரிசையை முதலில் எழுதிவிட்டு, அதற்குள் தம் ஊரை எங்கே செருகலாம் என்று பிறகு தேடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட பக்கங்களில் ஊரின் பெயரை அடித்துவிட்டுப் பக்கத்து ஊரின் பெயரைப் போட்டாலும் ஒரு வரியையும் மாற்ற வேண்டியிருக்காது.

உங்கள் ஊருக்கே உரிய ஆவணம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் முதலில் பாருங்கள். ஒவ்வொரு புல எண்ணும் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்பதையும், அதன் பரப்பையும், தீர்வையையும் அந்தப் பதிவேடு வரிசையாகச் சொல்லும். பட்டாதாரர் பெயர்களைவிடப் புறம்போக்குப் பதிவுகளே வரலாறு எழுதுபவருக்கு அதிகம் பேசும். ஏரி, வாய்க்கால், வண்டிப்பாதை, மந்தைவெளி, களம், தோப்பு, சுடுகாடு எல்லாம் அங்கே எண்ணோடும் பரப்போடும் கிடைக்கும். இன்று பேருந்து நிறுத்தமாக இருக்கும் இடம் பதிவேட்டில் களமாக இருக்கலாம். எவரும் நடக்காத முள்வேலிச் சந்து பழைய வண்டிப்பாதையாக இருக்கலாம். சுடுகாடு இரண்டு எண்களில் தனித்தனியாக இருந்தால், அது ஏன் என்ற கேள்வியும் அந்த இடத்திலேயே எழுந்துவிடும்.

வரைபடத்தின் நகலோடு, ஏரிப் பாசனத்தைப் பல ஆண்டுகள் கவனித்துவந்த நீர்க்கட்டியையோ வயதான விவசாயி ஒருவரையோ அழைத்துக்கொண்டு ஊர் எல்லையைச் சுற்றி நடந்து வாருங்கள். அரசுப் பதிவேட்டில் எண் மட்டுமே உள்ள வயல்களுக்கு ஊரார் வாயில் பெயர்கள் இருக்கும். 'சத்திரத்துக் கொல்லை' என்று ஒரு நிலத்தை அவர் சுட்டிக்காட்டினால், அங்கே இன்று சத்திரம் எதுவும் இல்லாவிட்டாலும், புல எண்ணுக்கு எதிரே அப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள். இத்தகைய பெயர்கள் எந்த அலுவலகத்திலும் பதிவாகவில்லை. சொல்லத் தெரிந்தவர்களும் குறைந்துவருகிறார்கள். ஆகையால் மற்ற வேலைகள் தாமதமானாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இப்போது நடைமுறையில் உள்ள பதிவேடு பெரும்பாலும் 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரார் 'யூ.டி.ஆர்.' என்று சொல்லும் திட்டத்தில், உருவானது. அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் (நிலவரித் திட்ட) பதிவேட்டின் நகலும் கிடைத்தால் இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். உங்கள் ஊர் உழவர்கள் அரசுக்கு நேராகத் தீர்வை கட்டிய ரயத்துவாரியாக இருந்ததா, ஜமீனைச் சேர்ந்ததா, மானியமாக விடப்பட்ட இனாம் கிராமமா என்பதையும் விசாரித்து வையுங்கள். ஜமீன் ஊர்களை அரசு எடுத்துக்கொண்டது 1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்தின்படிதான். அத்தகைய ஊர்களின் பழைய கணக்குகள் ரயத்துவாரி ஊர்களின் கணக்குகள் இருக்கும் இடத்தில் இருக்கமாட்டா.

கேள்வி: எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் அதிட்டானத்திலும் (அடித்தளத்திலும்) கருவறைச் சுவரிலும் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் சுண்ணாம்புத் தூள் பூசினால் எழுத்து தெளிவாகத் தெரியும் என்கிறார்கள். நாங்களே படிக்க முடியுமா? கோயில் எந்த அரசர் காலத்தது என்று அறிவது எப்படி?
(தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: சுண்ணாம்பு, மஞ்சள், மாவு, எண்ணெய் எதையும் கல்லில் பூச வேண்டாம், கம்பித் தூரிகையால் தேய்க்கவும் வேண்டாம். பொழுது சாய்ந்தபின் சுவரை ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சினால், ஒவ்வொரு எழுத்தின் வெட்டுக்குள்ளும் நிழல் விழுந்து, பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் வரிகள் எழும். பகலென்றால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிச் சாய்வாக விழச் செய்யலாம். ஒரு புகைப்படத்தின் வலப்புற எழுத்துகள் அடுத்த புகைப்படத்தின் இடப்புறத்திலும் இருக்குமாறு, இடத்திலிருந்து வலமாகத் தொடர்ச்சியாக எடுங்கள். அளவுகோல் ஒன்றையும் படத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் செயல் அலுவலரிடம் முன்கூட்டியே அனுமதி பெறுவது முறை.

நீங்களாகப் படிக்க முயல்வதற்கு முன், வேறு யாராவது ஏற்கெனவே படித்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1887 முதல் ஆண்டறிக்கைகளை வெளியிட்டுவருகிறது. படியெடுத்த ஒவ்வொரு கல்வெட்டுக்கும் ஆண்டும் வரிசை எண்ணும் கொடுத்து, ஓரிரு வரிகளில் அதன் சாரத்தையும் அந்த அறிக்கைகள் தருகின்றன. முழுப் பாடங்கள் 1890 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்னும் தொகுதிகளில் அச்சாகியுள்ளன. சென்னை மாகாணத்தில் அதுவரை கண்டறியப்பட்ட கல்வெட்டுகளை மாவட்டம், வட்டம் வாரியாக அடுக்கி வி. ரங்காச்சாரி 1919இல் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பட்டியல் தொடக்கநிலைத் தேடலுக்கு இன்றும் பயன்படுகிறது. 1961இல் அமைந்த தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும் மாவட்டவாரியாகக் கல்வெட்டுத் தொகுதிகளை வெளியிட்டுள்ளது. இவற்றில் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம்.

இன்றைய பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாற நேரிடலாம். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரம் சோழர் கல்வெட்டில் இராசராசச் சதுர்வேதிமங்கலம் என்றே குறிக்கப்படுகிறது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் அங்கே நெல்லும் பொன்னும் ஒதுக்கப்பட்ட செய்தி, இன்றைய பெயரைக் கொண்டு மட்டும் பாடங்களைப் புரட்டுபவருக்குக் கண்ணில் படாமலே போகக்கூடும்.

இனி, காலம் பற்றி. பெரும்பாலான சோழர் கல்வெட்டுகள் 'ஸ்வஸ்தி ஸ்ரீ' என்று தொடங்கி, அரசனின் புகழைச் சொல்லும் மெய்க்கீர்த்தி பாடி, அவனது ஆட்சியாண்டைச் சொல்லி, அதன்பின் வளநாடு, நாடு, ஊர் என்று இறங்கிவரும். 'திருமகள் போல' என்று தொடங்கினால் முதலாம் இராசராசன். அவன் 985இல் பட்டமேறியவன் என்பதால் ஆட்சியாண்டைக் கூட்டிக் கிறித்தவ ஆண்டைக் கணக்கிடலாம். ஆனால் மெய்க்கீர்த்தி இல்லாமல் 'கோப்பரகேசரி' என்றோ 'கோராசகேசரி' என்றோ மட்டும் இருந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். சோழர்கள் இவ்விரு பட்டங்களையும் மாறி மாறிச் சூடிக்கொண்டவர்கள்; பட்டத்தை மட்டும் கொண்டு அரசனை முடிவுசெய்வது எழுத்தமைதியிலும் (எழுத்தின் வடிவத்திலும்) பிற சான்றுகளிலும் நெடுநாள் பழகியவர்களுக்கே கைவந்த வேலை. திருப்பணியின்போது பிரித்துக் கட்டிய சுவராக இருந்தால் கற்கள் வரிசை மாறியும் இருக்கும். ஓர் அரசனின் மெய்க்கீர்த்திக்குக் கீழே வேறொருவன் காலத்துத் தானம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

அரசனின் பெயர் கிடைத்த மகிழ்ச்சியில் மீதியைப் படிக்காமல் விட்டுவிடுவதுதான் புதிதாக வருவோரிடம் நான் காணும் பெரிய குறை. ஊருக்கு உரிய செய்தி மெய்க்கீர்த்தி முடிந்த பிறகே தொடங்குகிறது. அணையாத நுந்தா விளக்கு ஒன்று எரிய 'சாவா மூவாப் பேராடு' தொண்ணூற்றாறு கொடுத்ததாக ஒரு கல்வெட்டு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளக்குக்கு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்த நெய்க்கு 96 ஆடுகள் அல்லது 48 பசுக்கள் அல்லது 16 எருமைகள் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காணும் கணக்கு. ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையரின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். சாகும் ஆடுகளுக்கும் கிழப்படும் ஆடுகளுக்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் காப்பது அவர் பொறுப்பு. ஆக, அந்த ஒற்றை வரியில் உங்கள் ஊரின் மேய்ச்சல் நிலமும், அதை நம்பி வாழ்ந்த ஒரு குடும்பமும், கோயிலோடு அக்குடும்பத்துக்கு இருந்த கடப்பாடும் பதிவாகியிருக்கின்றன. நிலதானமாக இருந்தால் எல்லை சொல்லும் பகுதியைப் பாருங்கள். 'இவ்வாய்க்காலுக்கு வடக்கு' என்று சொல்லப்படும் வாய்க்கால் இன்றும் அதே பெயரில் ஓடிக்கொண்டிருந்தால், முதல் பதிலில் சொன்ன கிராம வரைபடத்தில் அதைக் குறித்துவிடலாம்.

கேள்வி: எங்கள் வயல் வரப்பில் வில்லும் வாளும் ஏந்திய வீரன் உருவம் பொறித்த கல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. பாதுகாப்புக்காக வீட்டுக்கு எடுத்துவரலாமா?
(தருமபுரி மாவட்டம்)

பதில்: எடுக்க வேண்டாம். அது பூசலில் இறந்த வீரனுக்காக நட்ட நடுகல்லாக இருக்கலாம். தருமபுரி, செங்கம் பகுதிகளில் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்டவை தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள். அவற்றின் காலம் இன்னும் பல நூற்றாண்டுகள் முந்தையது. எழுத்துள்ள நடுகல் என்றால் அரசனின் பெயரும் ஆட்சியாண்டும், வீரன் யாருடைய சேவகன் என்பதும், எந்த ஊர்த் தொறுவை (கால்நடை மந்தையை) கவர்ந்தபோதோ மீட்டபோதோ பட்டான் என்பதும் சுருக்கமாக இருக்கும். கல் நின்ற இடம்தான் அந்தப் பூசல் நடந்த நிலப்பரப்பைத் தேடுவதற்கு நமக்குள்ள துப்பு. கல்லை அங்கிருந்து பெயர்த்தால் பாதிச் சான்று போய்விடும். எந்தத் திசையை நோக்கி இருக்கிறது, அருகே பழைய பாதை உண்டா, புல எண் என்ன என்று குறித்துக்கொண்டு, நான்கு புறமும் படமெடுத்து, வட்டாட்சியருக்கும் மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தக் கல்லை வேடியப்பன் என்று யாராவது வழிபட்டுவந்தால் அவர்களிடமும் பேசுங்கள். உங்கள் பகுதியில் வேடியப்பனாக வணங்கப்படும் கற்களில் பல நடுகற்களே.

மண்ணுக்குள்ளிருந்து காசோ செப்புத் திருமேனியோ வெளிப்பட்டால் அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதுவாயினும் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

அப்படியே வரப்போரங்களில் சூலம் பொறித்த சிறு கற்கள் உண்டா என்றும் கவனியுங்கள். சூலக்கல் சிவன் கோயில் நிலத்துக்கும், சக்கரம் பொறித்த ஆழிக்கல் திருமால் கோயில் நிலத்துக்கும் எல்லையாக நடப்பட்டவை. நான்கைந்து கிடைத்து, அவற்றை வரைபடத்தில் குறித்துக் கோடிட்டு இணைத்தால், ஒரு காலத்தின் தேவதான நிலம் எது என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் பழைய கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தது. அதில் 'கீலக வருடம் ஐப்பசி மாதம்', 'பசலி 1318' என்று உள்ளது. இது எந்த ஆண்டு?
(திருச்சிராப்பள்ளி மாவட்டம்)

பதில்: பசலியோடு 590ஐக் கூட்டுங்கள், 1908 கிடைக்கும். பசலி என்னும் வருவாய்க் கணக்கு ஆண்டு ஜூலை 1 அன்று தொடங்கி அடுத்த ஜூன் 30 அன்று முடிவதால், பசலி 1318 என்பது 1908 ஜூலை முதல் 1909 ஜூன் வரை. கீலக ஆண்டு அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1848, 1908, 1968 ஆகிய மூன்றும் கீலகத்தில் தொடங்கியவை. இரண்டும் பொருந்துகிற ஒரே ஐப்பசி 1908 அக்டோபர் நடுப்பகுதி முதல் நவம்பர் நடுப்பகுதி வரையுள்ள காலம். பத்திரத்தாளின் முத்திரையில் ஏழாம் எட்வர்டின் தலை இருந்தால் இக்கணக்கு மேலும் உறுதியாகும். அவர் 1901 முதல் 1910 வரை அரியணையில் இருந்தவர். கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதி ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு 824 அல்லது, மாதத்தைப் பொறுத்து, 825ஐக் கூட்ட வேண்டும். சகம் என்றிருந்தால் 78.

ஆண்டைக் கண்டுபிடித்ததோடு பத்திரத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். நிலத்தின் நான்கெல்லை சொல்லும் சக்குபந்தியைப் படியுங்கள். நான்கு பக்கத்து நிலக்காரர்களின் பெயர்கள், கிணற்றில் இத்தனை பங்கு, ஏற்றம் இறைக்கும் முறைநாள், நிலத்தில் நிற்கும் பனை, புளி, வேம்பு என்று ஒரு காட்சி முழுவதும் அதில் இருக்கிறது. பத்திரம் எழுதியவரின் பெயரும் சாட்சிகளின் கையொப்பமும், கையொப்பமா கீறலா என்பதும்கூட அன்றைய ஊரில் எழுத்தறிந்தோர் யார் என்பதைக் காட்டும்.

கேள்வி: ஊர்ப் பெரியவர்களிடம் பழைய செய்திகளைக் கேட்டால், 'அது எந்த வருஷம்னு ஞாபகம் இல்லப்பா' என்கிறார்கள். சிலர் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?
(நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: ஆண்டைக் கேட்டால் யாருக்கும் சொல்ல வராது, உங்களுக்கும் எனக்கும்கூட வராது. அவர்கள் தம் வாழ்க்கையை ஆண்டுகளால் அளக்கவில்லை, நிகழ்ச்சிகளால் அளந்தார்கள். ஆகவே தேதி தெரிந்த நிகழ்ச்சிகளைக் கேள்விக்குள் வையுங்கள். உங்கள் பகுதியில் 1924ஆம் ஆண்டுக் காவிரிப் பெருவெள்ளமும், 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டதும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும் நல்ல அடையாளக் கம்பங்கள். 'தனுஷ்கோடிப் புயலப்போ உங்க மூத்த மகன் பிறந்தாச்சா?' என்று கேட்டால், 'அவன் அப்பத்தான் நடை பழகுறான்' என்று சட்டென்று பதில் வரும். அவர் மணமான ஆண்டையும், அப்போது அவர் வாழ்ந்த தெருவின் நிலையையும் அதிலிருந்து கணக்கிட்டுவிடலாம். கிராம அதிகாரிகளான பரம்பரைக் கர்ணமும் முன்சீப்பும் 1980 நவம்பரில் நீக்கப்பட்டதும் எல்லா ஊருக்கும் பொதுவான ஓர் எல்லைக்கோடு. இவற்றுக்கு முந்திய செய்திகளைப் பெரியவர்கள் தம் பாட்டி வாயால் கேட்டிருப்பார்கள். தாது வருடப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் அது 1876இல் தொடங்கிய பெரும்பஞ்சம் என்று குறித்துக்கொண்டு, அப்போது இந்த ஊரிலிருந்து இலங்கைக்கோ பினாங்குக்கோ போனவர்கள் உண்டா என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.

கேள்விக்குள்ளேயே விடையை வைத்துக் கேட்காதீர்கள். 'அந்தக் காலத்துப் பண்ணையார் ரொம்பக் கொடுமைக்காரர்தானே?' என்றால் ஆமாம் என்பார்கள்; நல்லவர்தானே என்றாலும் ஆமாம் என்பார்கள். 'பண்ணையில் காலையில் எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், கூலி நெல்லை எந்த மரக்காலில் அளந்தார்கள், யார் அளந்தார்கள்' என்று கேளுங்கள். கூலிக்கு ஒரு மரக்கால், குத்தகைக்கு வேறு மரக்கால் இருந்ததா என்ற கேள்விக்கு வரும் விடை எந்தப் புகழுரையையும் சாபத்தையும்விட விளக்கமாக இருக்கும்.

இருவர் இருவிதமாகச் சொன்னால் இரண்டையும் பெயரோடும் வயதோடும் எழுதுங்கள். எது சரி என்று உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலும் இருவரும் தத்தம் தெருவிலிருந்து பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒலிப்பதிவுக்கு முன்னால் ஒப்புதல் கேட்பதும், பதிவின் தொடக்கத்தில் நாளையும் இடத்தையும் சொல்லிவிடுவதும் கட்டாயம்.

கேள்வி: இராமர் எங்கள் ஊரில் ஓரிரவு தங்கினார் என்று தலபுராணம் கூறுகிறது. இதை ஊர் வரலாற்றில் சேர்க்கலாமா?
(இராமநாதபுரம் மாவட்டம்)

பதில்: சேர்க்கலாம், 'தலபுராணம் இவ்வாறு கூறுகிறது' என்ற தொடரோடு. அந்தப் புராணத்தை யார், எப்போது பாடினார், முதலில் அச்சிட்டவர் யார், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்பவற்றைத் தேடி எழுதினால், அதுவே வரலாறு.

கேள்வி: ஆவணக் காப்பகங்களில் ஓர் ஊரைப் பற்றி என்னதான் கிடைக்கும்? சென்னை வரை போய்வருவது வீணாகிவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது.
(செங்கல்பட்டு மாவட்டம்)

பதில்: வேறு மாவட்டத்தார் தயங்கினால் ஒருவாறு ஒப்புக்கொள்ளலாம், நீங்கள் தயங்கக் கூடாது. உங்கள் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஜாகீராக (வருவாய் உரிமையுள்ள மானியப் பகுதியாக) பெற்றபின், தாமஸ் பர்னார்டு என்பவர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து, வீடுகள், ஏரிகள், நன்செய், புன்செய், தோப்பு, மானிய நிலங்கள் என்று ஊர்வாரியாகக் கணக்கெடுத்தார். ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றும் முன் இருந்த நிலையை இத்தனை நுணுக்கமாகக் காட்டும் கணக்கு தமிழகத்தின் பிற பகுதிகளுக்கு அரிது.

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைகளும் செட்டில்மெண்ட் அறிக்கைகளும் உள்ளன. நேராக ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எதுவும் வராது. முதலில் அன்றைய வட்டமும் மாவட்டமும் எவை என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். முதல் கேள்வி கேட்ட ஆசிரியரின் மாவட்டத்திலுள்ள திருவண்ணாமலை வட்டத்தையே எடுத்துக்கொண்டால், பிரான்சிஸ் தொகுத்து 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியில் (கெசட்டியரில்) அது இருக்கிறது. வட ஆர்க்காட்டில் தேடுபவர் வெறுங்கையோடு திரும்புவார். நெல்சனின் மதுரை (1868), ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி (1879), ஹெமிங்வேயின் தஞ்சாவூர் (1906) போன்ற மாவட்ட நூல்களைக் காப்பகத்துக்குப் போகும் முன்பே படித்துவிட வேண்டும். அவற்றில் உங்கள் ஊர் பெயரளவில் வந்தாலே அதிகம். ஆனால் உங்கள் வட்டத்தின் பஞ்சம், வெள்ளம், தீர்வை மாற்றம் எல்லாம் ஆண்டோடு கிடைக்கும்.

கம்பெனியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி 1821இல் இறக்கும் வரை திரட்டிய ஊர்க் கைபீதுகளில், அதாவது ஊர் வரலாற்றுக் குறிப்புகளில், ஒரு பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. ஊர்ப் பெரியவர்கள் தம் உரிமைகளை நிலைநாட்டச் சொன்ன கதைகளும் அவற்றில் கலந்திருப்பதால், சொன்னவர் யார் என்று பார்த்துப் படிக்க வேண்டும். குடிமதிப்பறிக்கைகளையும் விட்டுவிடாதீர்கள். 1951 முதல் வந்த மாவட்டக் கையேடுகளில் ஒவ்வொரு கிராமத்துக்கும் பரப்பு, வீடுகள், மக்கள்தொகை உண்டு. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது பி.கே. நம்பியார் பொறுப்பில் சில ஊர்களுக்குத் தனி நூல்களே வெளியாயின. உங்கள் ஊர் அவற்றுள் ஒன்றாக இருந்தால் நீங்கள் நல்லூழ் உடையவர்.

கேள்வி: திருமணமாகி இந்த ஊருக்கு வந்தவள் நான். ஊர்க் கதைகளைத் தொகுக்கத் தொடங்கியதும், 'வெளியூர்லேர்ந்து வந்த உனக்கு இது எதுக்கும்மா?' என்கிறார்கள். பழைய சண்டைகளைப் பற்றிக் கேட்டால், 'அதெல்லாம் எழுத வேண்டாம்' என்கிறார்கள். என்ன செய்வது?
(விருதுநகர் மாவட்டம்)

பதில்: வெளியிலிருந்து வந்தவருக்கு ஒரு வசதி உண்டு, ஊரார் கேட்கக் கூச்சப்படும் சாதாரணக் கேள்விகளை நீங்கள் கேட்கலாம். குடிநீர்க் கிணறு எது, அதில் யார் யார் இறைக்கலாம் என்று இருந்தது, தேர் எந்தத் தெரு வரை போகும், எந்தத் தெருவில் திரும்பிவிடும் என்று மருமகள் கேட்டால் விடை சொல்வார்கள். ஊரில் பிறந்தவர் கேட்டால், 'உனக்குத் தெரியாதா?' என்று முடித்துவிடுவார்கள். ஊரில் உள்ள மணமான பெண்களில் பலரும் உங்களைப் போல வெளியூரிலிருந்து வந்தவர்களே என்பதையும் எண்ணிப் பாருங்கள். எந்தெந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குக் கொடுத்தார்கள் என்று மூன்று தலைமுறைக்குப் பட்டியல் போட்டால், உங்கள் ஊரின் போக்குவரத்தும் சந்தையும் உறவும் எத்தனை கல் தொலைவுக்குப் பரவியிருந்தன என்பது தெளிவாகும். இந்த வேலையை ஊரின் ஆண்கள் யாரும் இதுவரை செய்திருக்கமாட்டார்கள் என்று துணிந்து சொல்வேன்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் செய்து, 1918இல் நூலாக வெளியிட்டார். உங்கள் மாவட்டத்து வடமலாபுரமும், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு முதலியனவும் அதில் இடம்பெற்றன. பின்னர் 1930களிலும் அதன் பிறகும் அதே ஊர்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சென்றார்கள். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று முதல்முறை எழுதி வைத்ததால்தான் பிறகு வந்தவர்களுக்கு ஒப்பிட முடிந்தது. அதில் ஊர்ப் பெருமை எதுவும் பேசப்படவில்லை.

சண்டைகளைப் பற்றி: காவல் நிலைய வழக்காகவோ நீதிமன்றத் தீர்ப்பாகவோ பதிவானதை அப்பதிவில் உள்ள அளவுக்கு எழுதலாம். செவிவழிச் செய்தியாக மட்டும் உள்ளவற்றில், உயிரோடு இருப்பவர்கள் மீது பழி விழும் பெயர்களை விலக்கிவிடுங்கள். ஆனால் நிகழ்ச்சியையே விலக்க வேண்டாம். ஊர்த் தெருவில் கேட்டதோடு நின்றுவிடாமல் காலனியிலும் சென்று கேளுங்கள். முதல் மரியாதை யாருக்கு என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துபோன ஊர் வரலாறுகள் போதுமான அளவுக்கு இருக்கின்றன.

கேள்வி: பவானிசாகர் அணை கட்டியபோது இடம்பெயர்ந்தவர்களுக்காக உருவான குடியிருப்பு எங்களுடையது. பழைய கோயிலோ கல்வெட்டோ எதுவும் கிடையாது. எங்களைப் போன்ற ஊருக்கு எழுத என்ன இருக்கிறது?
(ஈரோடு மாவட்டம்)

பதில்: ஆயிரம் ஆண்டுப் பழமையைக் காட்டும் ஊர்களைவிட உங்களுக்கு ஆவணம் அதிகம். அணை வேலை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. நீரில் மூழ்கிய ஊர்களின் நிலங்களை 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி அரசு எடுத்தபோது, புல எண், பரப்பு, உடைமையாளர் பெயர் ஆகியவற்றோடு அறிவிக்கைகள் அன்றைய புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியாயின. அவற்றின் தொகுப்பு எழும்பூரில் கிடைக்கும். அணைக்கு முந்தைய நில அளவை வரைபடமும் கிடைத்துவிட்டால், நீருக்கடியில் உள்ள ஊரைத் தெருவும் தோட்டமுமாகத் தாளில் வரைந்துவிடலாம். அப்பகுதியின் டணாயக்கன் கோட்டை அணைக்குள் மூழ்கியது. நீர் மிகக் குறையும் ஆண்டுகளில் அங்குள்ள பழைய கோயில் வெளியே தெரிகிறது. உங்கள் முன்னோர் அந்தக் கோட்டைப் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள் என்றால், அக்கோயிலின் கல்வெட்டுகளும் உங்கள் வரலாற்றுக்கு உரியவையே.

குடியேறிய பின் நடந்தவற்றுக்குப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடும் ஊராட்சியின் தீர்மானப் புத்தகமும் போதும். சேர்க்கைப் பதிவேட்டின் முதல் சில பக்கங்களில் பிறந்த ஊர், தகப்பனார் தொழில் என்னும் பத்திகளைப் பாருங்கள். எந்தெந்த ஊரார் ஒன்றாக இங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது அங்கே தெரியும். தீர்மானப் புத்தகத்தில் முதல் தெருவிளக்கு, முதல் குழாய்க்கிணறு, பாதைத் தகராறு எல்லாம் நாளோடு இருக்கும்.

அரசிதழ்ப் பட்டியலில் ஒரு குறை உண்டு. நிலம் வைத்திருந்தவர்களின் பெயர்கள் மட்டுமே அதில் இருக்கும். பண்ணையில் உழைத்தவர்கள், குத்தகைக்கு உழுதவர்கள், ஆடு மேய்த்தவர்கள் ஆகியோருக்கு இழப்பீடும் இல்லை, பட்டியலில் இடமும் இல்லை. பழைய ஊரில் எந்தத் தெருவில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் அன்று பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளாக இருந்தவர்கள்; இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். எழும்பூருக்குப் பின்னொரு நாள் போகலாம். அவர்களிடம் இந்த வாரமே ஒரு வெள்ளைத்தாளோடு போய் உட்காருங்கள்.